என்னை மலை தெரியாதவன் என்று சொன்ன பெட்டி

என் மகன் என் ஆட்டோ சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டான். காலையில் முகம் கழுவிவிட்டு வந்து, காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் கையை வைத்தால் ஆணி மட்டும் தட்டுப்படுகிறது. சாவி வளையத்தில் ஒரு சின்ன வேல் தொங்கும். அதுவும் இல்லை. மருமகளைக் கேட்டேன். "அவரையே கேளுங்க மாமா" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவள் இல்லை. அப்போதே எனக்கு ஏதோ உறைத்தது.

மகன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே சொன்னான்.

"இனிமே வண்டி வேணாம் நைனா. உனக்கு ஊரு மறக்குது."

எனக்கு. இந்த ஊர்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதை பஸ் போர்டுகளைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். செங்கம், போளூர், திண்டிவனம், வேலூர் என்று அந்த வரிசையில்தான் எனக்கு எழுத்து வந்தது. முதலில் குதிரை வண்டி ஓட்டினேன். அது என் மாமனார் வண்டி. குதிரைக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கும். பார்வை இருக்கிற கண் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். அந்தக் குதிரை போன பிறகு கொஞ்ச காலம் லாரியில் கடலை மூட்டை ஏற்றினேன். பிறகு ஆட்டோ. இடுப்பு பிடித்துக்கொண்ட நாள், காய்ச்சல் நாள் தவிர இந்த ஊர்த் தெருவில் என் சக்கரம் உருளாத நாள் இல்லை. ரயிலடியில் இறங்குகிறவன் லாட்ஜ் எங்கே என்று கேட்பான், ஓட்டல் எங்கே என்று கேட்பான். மலை எங்கே என்று ஒருவனும் கேட்டதில்லை. எங்கே இறங்கினாலும் அது எதிரில் நிற்கும். அந்த மலையை எனக்குத் தெரியவில்லை என்று ஒரு பெட்டி சொல்லிவிட்டது. பெட்டி சொன்னதை என் மகன் நம்பிவிட்டான்.

பெட்டி வைத்திருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைப் பெண். மனசு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற படிப்பு படிக்கிறாள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்வதற்கான படிப்பு. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில், வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டின் மாடியை எடுத்திருந்தாள். எங்கே போனாலும் என் வண்டிதான். என்னிடம் பெரிய போன் கிடையாது என்பதால் என் மகன் நம்பருக்குப் போன் செய்வாள், அவன் என்னிடம் சொல்லுவான். நல்ல பெண். இறங்கும்போது "வரேங்கய்யா" என்று சொல்லாமல் போகமாட்டாள். கோபம் ஜாஸ்தியானதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு திமிர் பிடித்தவள் இதைச் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ஆசிரமத்துப் பக்கம் வந்து மாதக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களுக்கு மனசு கூர்மையாகிறதா என்று அளப்பதுதான் அவள் வேலை. அப்படி உட்காராத ஆட்களையும் அளந்து பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும். அந்த உட்காராத ஆட்கள் நாங்கள். நீங்கள் தியானம் செய்வீர்களா என்று ஒருநாள் வண்டியில் கேட்டாள். அதற்கெல்லாம் எங்கேம்மா நேரம் என்றேன். ஏதோ பெரிய வரம் கொடுத்துவிட்டது மாதிரி அவளுக்கு முகம் மலர்ந்தது. அப்படிப்பட்ட ஆள்தான் எனக்கு வேண்டும் என்றாள். எங்கள் ஸ்டாண்டில் இருக்கிற ஆட்கள், பூக்கட்டுகிற பெண்கள், டீக்கடைக்காரர் என்று ஒவ்வொருவராக வரச்சொன்னாள். ஸ்டாண்டில் என் பக்கத்து வண்டி பாயுடையது. பாயும் நானும் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து பக்கத்துப் பக்கத்தில்தான் வண்டி போடுகிறோம். அவர் போய்விட்டு வந்து, சினிமா பார்க்கிற மாதிரி இருக்கிறது, போய்வா என்றார். போனேன்.

அந்த அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டியிருந்தது. மேஜை மேல் ஒரு பெரிய திரை. கண் ஆஸ்பத்திரியில் இருக்குமே, தாடையை வைத்துக்கொள்கிற ஸ்டாண்டு, அது ஒன்று. திரைக்கு அடியில் பட்டையாக ஒரு கேமரா. நம் கண்மணி எங்கே போகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். கைக்கு அடக்கமாக ஒரு பெட்டி, அதில் பச்சைப் பட்டன் ஒன்று, சிவப்புப் பட்டன் ஒன்று. அந்தப் பெட்டி மேல் அவளுக்குத் தனிப் பிரியம். குழந்தையைக் காட்டுகிற மாதிரிக் காட்டினாள். சாதாரண கம்ப்யூட்டர் பட்டனைத் தட்டினால் தட்டியதைச் சொல்வதற்கே அது கொஞ்சம் தாமதம் செய்யும், அது எவ்வளவு தாமதம் என்றும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் கணக்குப் பிசகும், இந்தப் பெட்டி பிசகாது, கண் சிமிட்டுகிற நேரத்தைக்கூடத் துண்டு துண்டாக நறுக்கி அளந்துவிடும் என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். மீட்டர் சொல்வதை நம்புகிற ஊர் இல்லை இது. என் வண்டியிலும் ஒரு மீட்டர் இருக்கிறது. வாங்கின புதிதில் ஓடியது. இப்போது அதன் மேல் விபூதிப் பொட்டலமும் தீப்பெட்டியும் வைத்திருக்கிறேன். ஏறுகிறவனும் ஓட்டுகிறவனும் முகத்தைப் பார்த்துப் பேசித்தான் எதையும் முடிவு செய்வோம். அன்றைக்கு அது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது, எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதலில் பழகுவதற்குக் கொஞ்சம் படம் காட்டினாள். தின்கிற பொருள் என்றால் பச்சை, தின்னாத பொருள் என்றால் சிவப்பு. மாம்பழத்துக்குப் பச்சை, செருப்புக்குச் சிவப்பு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சூப்பருங்கய்யா என்றாள். இனிமேல் வருவதுதான் நிஜம், தெரிந்த இடம் வந்தால் பச்சை, தெரியாத இடம் வந்தால் சிவப்பு, படம் மின்னி மறைந்துவிடும், யோசிக்காமல் உடனே தட்டிவிட வேண்டும் என்றாள். பிறகு வெளியே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். பக்கத்தில் ஆள் நின்றால் அந்த ஆளுக்காகச் செய்வோமாம், அதனால் தனியாக விடுவதுதான் முறையாம். போவதற்கு முன்னால் ஒன்று சொன்னாள். உங்கள் பெயர் இதில் வராது, ஒரு நம்பர்தான், யார் எப்படிச் செய்தார்கள் என்று வெளியே ஒரு வார்த்தை போகாது. அதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

படங்கள் வந்தன. நம் பஸ் ஸ்டாண்டு வந்தது, தட்டினேன். எந்த ஊரோ பனி மூடின தெரு வந்தது, தட்டினேன். மலை வந்தது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வந்தது. இரும்பால் கட்டின ஏதோ கோபுரம் வந்தது. நம் கோபுரம் வந்தது. கிரிவலப் பாதையில் இருக்கிற லிங்கக் கோயில்கள் வந்தன. மறுபடியும் மலை, செங்கம் ரோட்டுப் பக்கத்திலிருந்து. மறுபடியும் மலை, அய்யங்குளத் தண்ணீரில் தலைகீழாக. எல்லாம் தெரிந்த இடம். முடிந்து வெளியே வந்தபோது மனசு நிறைந்து இருந்தது. ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து மருமகளிடம் கொடுத்து, பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அந்த டப்பாவில் அவள் கடுகு போட்டு வைத்திருக்கிறாள். அதைப் பார்த்தாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கப்புறம்தான் அந்தப் பெண் என் மகனுக்குப் போன் செய்திருக்கிறாள். வெளியே ஒரு வார்த்தை போகாது என்று சொன்னவள். அவளுக்கு மனசு கேட்கவில்லையாம். உங்கள் அப்பாவுக்குத் தெரியாத ஊர்ப் படங்களுக்கெல்லாம் பதில் பட்டுப் பட்டென்று வருகிறது, சொந்த ஊர்ப் படங்கள் வந்தால் பாதிக்கு மேல் பதிலே இல்லை, அந்த நேரத்தில் கண்ணும் மூடிக்கொள்கிறது, கேமராவில் தெரிகிறது, ஆள் ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டு வருகிற மாதிரி இருக்கிறது, நான் வைத்தியர் இல்லை, ஆனால் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இதுதான் அவள் சொன்னது. அக்கறையில்தான் சொன்னாள். அந்த அக்கறை என் சாவியைக் கொண்டுபோய்விட்டது.

மகனை மட்டும் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுவும் கோபம்தான். என் அண்ணனுக்கு இப்படி வந்தது. அண்ணன் நிலத்தை விட்டு நகராத மனிதன். ஒருநாள் வயலுக்குப் போகிறேன் என்று கிளம்பி, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டு, எந்த ஊர் என்று கேட்டவர்களிடமெல்லாம் எங்கள் அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். போய் அழைத்துவந்தது என் மகன்தான். வழி முழுக்க அவனை யாரோ வேற்று ஆள் என்று நினைத்துக் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தாராம். வீட்டுக்கு வந்ததும் அவன் கொல்லைப் பக்கம் போய் நின்று அழுததை நான் பார்த்தேன். அண்ணனுக்குச் சோறு ஊட்டியது நான். கடைசியில் விழுங்குவதும் மறந்துபோயிற்று. அதைப் பார்த்த பிள்ளை அவன். அவனுக்கு யாரோ படித்த பெண் போன் செய்து இப்படிச் சொன்னால் பெரியப்பா ஞாபகம் வராதா.

போதாக்குறைக்கு நான் ஒருமுறை மார்க்கெட்டில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அது மறதி இல்லை. தக்காளிக்காரனோடு சண்டை. சண்டையின் சூட்டிலேயே அவனைத் திட்டிக்கொண்டு நடந்து நடந்து வீடு வந்துவிட்டது. வந்து செம்பில் தண்ணீர் குடித்த பிறகுதான் வண்டி ஞாபகம் வந்தது. அப்போது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அதையே எடுத்து என் முன்னால் வைக்கிறான். அப்பவே எனக்கு டவுட்டுதான் நைனா என்கிறான்.

டாக்டரிடம் போவோம் என்றான். வரமாட்டேன் என்றேன். போனால் அவர் ஒன்று சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம். இதை இப்போதுதான் சொல்ல முடிகிறது. அந்த நாட்களில் யார் கேட்டாலும் எனக்கு என்ன வந்தது, நான் ஏன் போக வேண்டும் என்று கத்தினேன். உள்ளுக்குள் வேறு நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தெருத் தெருவாகப் போய்ப் பார்ப்பேன். தேரடியில் ஆரம்பித்து சின்னக்கடைத் தெரு வழியாக ஒவ்வொரு கடையாகச் சொல்லிக்கொண்டு வருவேன். பாத்திரக்கடை, அதை ஒட்டி நாட்டு மருந்துக்கடை, அதை ஒட்டி வளையல் கடை. வளையல் கடைக்கு அப்புறம் என்ன. வராது. அண்ணனுக்கும் முதலில் இப்படித்தான் இருந்திருக்குமோ. பிறகு சாப்பிடும்போது திடீரென்று ஞாபகம் வரும்: அந்த இடத்தில் இப்போது கடையே இல்லை, இடித்துப்போட்டுச் செல்போன் கடைக்குக் கட்டுகிறார்கள். இல்லாத கடை ஞாபகத்தில் வரவில்லை என்று பயந்து உட்கார்ந்திருக்கிறேன். தெளிவாக இருந்த ஒரு மனுஷனை இப்படி உட்கார வைத்துவிட்டார்கள் அல்லவா, அதற்கு எந்தப் பெட்டி கணக்குச் சொல்லும்.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நடந்தே ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டி இல்லாமல் ஸ்டாண்டில் நிற்பது சட்டை இல்லாமல் கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி. விஷயம் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. புதிதாக வண்டி எடுத்த ஒரு பையன், என் பேரன் வயசுதான் இருக்கும், கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து கேட்டான்.

"பெருசு, பெரிய கோயிலுக்குப் போவணும். வழி தெரியுமா?"

நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. பாய்தான் அவனைப் பார்த்து, உங்கப்பனுக்கு ஆஸ்பத்திரிக்கு வழி காட்டினவர்டா இவரு, போய் வண்டியத் தொடைடா என்று விரட்டினார்.

விரட்டிவிட்டு அவரும் சும்மா இருக்கவில்லை. அவர் பட்டன் தட்டியதை அந்தப் பெண் சூப்பர் என்று சொல்லியிருக்கிறாள். வெள்ளைக்காரர்களைவிடத் தனக்குக் கை வேகமாம், அதை ஒரு வாரமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுல இன்னாய்யா இருக்குது. மலை வந்துது, தட்னேன். கோபுரம் வந்துது, தட்னேன். உனக்கு இன்னா ஆச்சு?"

"நானும் தட்னேன் பாய்."

"தட்டலன்னுல்ல பெட்டி சொல்லுது."

அப்போது எதிரில் இருந்த மின்கம்பத்தில் இரண்டு பேர் ஏணி வைத்து ஏதோ கல்யாணத்துக்கு டிஜிட்டல் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுருட்டி வைத்திருந்த பேனர் மேலிருந்து விரிந்தது. பொண்ணு மாப்பிள்ளை படத்துக்குப் பின்னால் முழு மலை, உச்சியில் தீபம். நான் பாயிடம் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய் நான் சொல்வதைக் கேட்காமல் என் கையையே பார்த்தார்.

"யோவ். இப்ப இன்னா பண்ண நீ?"

"இன்னா பண்ணேன்?"

"கையெடுத்துக் கும்பிட்டுக் கன்னத்துல போட்டுக்கினியே. கண்ண வேற மூடிக்கினு."

"நான் எங்க போட்டேன்?"

"போட்டய்யா. இத்தினி வருஷமா பாத்துக்கினு இருக்கறேன், எனக்குத் தெரியாதா. மலைப் பக்கம் திரும்புனா போடுவ, வண்டி முக்கு திரும்புனா போடுவ, காலண்டரப் பாத்தா போடுவ." பேனரை இன்னொரு முறை பார்த்தார். "அந்த ரூம்லயும் போட்டியா?"

எனக்குத் தெரியவில்லை. மூச்சு விடுகிறோமா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. ஆனால் அவர் கேட்டதும் எனக்கு அந்த அறை திரும்ப வந்தது. தாடை ஸ்டாண்டில் இருக்கிறது. மலை வருகிறது. விரல்கள் பட்டன் மேலேயே இருந்தனவா. கண்ணைத் திறந்தபோது திரையில் வேறு படம் இருந்த ஞாபகம் வந்தது. ஒவ்வொரு முறையும் மலை சீக்கிரம் போய்விடுகிறதே என்று நினைத்த ஞாபகம் வந்தது.

முதலில் உடம்பெல்லாம் லேசாயிற்று. அண்ணன் வழியில் நான் போகவில்லை. அந்த நிம்மதி ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இருந்தது. பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை. வெள்ளைக்காரன் கண்ணை மூடினால் அது தியானம், அதை அளப்பதற்கு ஒரு வீடு, ஒரு கேமரா. நான் மலையைப் பார்த்துக் கண்ணை மூடினால் மூளை அசந்துபோயிற்று. ஒரே அறை, ஒரே கேமரா.

பாய் வண்டியிலேயே போனோம். அந்தப் பெண் கதவைத் திறந்ததும் பாய்தான் விஷயத்தைச் சொன்னார். நான் பேசினால் அது பேச்சாக இருக்காது என்று அவருக்குத் தெரியும். அவள் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். இதுவரை ஊர்ப் படம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரு கணக்கு, வெளியூர்ப் படம் எல்லாவற்றையும் கூட்டி இன்னொரு கணக்கு என்றுதான் பார்த்திருக்கிறாள். இப்போது படம் படமாகப் பிரித்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பதில் இருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்கு இருக்கிறது. மார்க்கெட்டுக்கு இருக்கிறது. மலைக்கு இல்லை, கோபுரத்துக்கு இல்லை, லிங்கக் கோயில்களுக்கு இல்லை. அவள் முகம் செத்துவிட்டது. இது தனக்குத் தோன்றவே இல்லை என்றாள். சென்னையில் இருக்கிற ஒரு பிள்ளைக்குத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் எங்கள் மலையைப் படம் எடுத்து எங்களுக்கே காட்டி அளக்க வந்தவளுக்குத் தோன்ற வேண்டாமா.

பூக்கட்டுகிற அம்மாள் ஒருவரும் டீக்கடைக்காரரும்கூட இப்படியே செய்திருந்தார்களாம். அவர்கள் கவனமில்லாமல் செய்தார்கள் என்று நினைத்து அவர்கள் பதிலையெல்லாம் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டாளாம். பதில் இல்லாதவர்களை அப்படி எடுத்துவிடுவதுதான் வழக்கமாம்.

"அப்ப கும்புட்டவன எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, கும்புடாதவன மட்டும் வெச்சிக்கினு ஊரப் பத்தி எழுதுவியாம்மா?"

அவள் கண் கலங்கினாள். கலங்கினால் நான் அடங்கிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, நான் அடங்கவில்லை. வெளியே சொல்லமாட்டேன் என்ற வார்த்தையையும் கேட்டேன். என் மகனுக்குப் போன் செய்து தப்பு தன் மேல் என்று சொன்னாள். அதை மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

மகன் நம்பவில்லை. அன்றைக்கு ஒன்று சொன்னாள், இன்றைக்கு ஒன்று சொல்கிறாள், நீ போய் மிரட்டினாயா என்று என்னையே கேட்டான். தன் கண்ணால் பார்த்தால்தான் சாவி என்றான். சரி, வந்து பார் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் அந்த மாடிக்குப் போனோம். இந்த முறை திரைச்சீலையை அவள் மூடவில்லை. மகன் சுவர் ஓரமாக நின்றான். தாடையை வைத்தேன். படங்கள் வந்தன. என்ன நடக்கிறது என்று எனக்கே இப்போது தெரியும் என்பதால் வேஷம் கட்டுகிற மாதிரி இருக்குமோ என்று ஒரு கூச்சம் இருந்தது. மலை வந்ததும் கூச்சம் எங்கே போயிற்றோ, கை தானாக எழுந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது மகன் சுவரை விட்டு முன்னால் வந்து நின்றிருந்தான். அவன் முகத்தில் கொல்லைப் பக்கம் அழுத அந்தப் பழைய முகம் இருந்தது. அவன் வாயைத் திறந்தால் நான் உடைந்துவிடுவேன் போல இருந்தது. அவன் கேட்டதோ வேறு.

"வண்டி ஓட்டும்போதும் இப்படித்தான் ரெண்டு கையையும் எடுப்பியா நைனா?"

"வண்டியில எடுக்கமாட்டேன். ஒரு கைதான், நெஞ்சுல வெச்சி எடுத்துருவேன்."

"கண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னால் சாவி போயிற்று. மூடமாட்டேன் என்றால் பொய். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

அந்தப் பெண் மெல்ல, ஒரு வழி இருக்கிறது என்றாள். கையைப் பட்டன் மேலேயே வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே ஒருமுறை முழுக்கச் செய்துவிட்டால், கையைக் கட்டுப்படுத்த உங்களால் முடியும் என்பது உங்கள் மகனுக்கும் தெரிந்துவிடும், எனக்கும் சரியான கணக்கு ஒன்று கிடைக்கும் என்றாள்.

"சாமிய அப்புறமா கும்பிட்டுக்கலாங்கய்யா. இப்ப பட்டன் மட்டும்."

மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் கறுப்புத் துணி மாட்டின ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் துணியை விலக்கினால் நேரே மலைதான்.

செய்தேன். மலை வந்தது, தட்டினேன். கோபுரம் வந்தது, தட்டினேன். லிங்கம் வந்தது, தட்டினேன். கை எழும்பும்போதெல்லாம் முழங்கையை மேஜையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். கண் எரிந்தது, மூடவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தட்டுகிற மாதிரி மலையைத் தட்டினேன். முடிந்ததும் அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது, உங்கள் வயசுக்கு இவ்வளவு வேகம் எதிர்பார்க்கவில்லை என்றாள். இதைத்தான் உன் கணக்கில் எழுதுவாயா என்று கேட்டேன். ஆமாங்கய்யா என்றாள். என் வாழ்நாளில் அந்த மலையை நான் கும்பிடாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுதான் சரியான கணக்காம்.

கீழே வந்ததும் மகன் பேன்ட் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். வீட்டிலிருந்து அவன்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். இப்போது நான் முன்னால் உட்கார்ந்தேன், அவன் பின்னால் ஏறினான். மன்னிப்பு மாதிரி எதுவும் அவன் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. செங்கம் ரோட்டில் கிழக்கே வந்துகொண்டிருந்தேன். மலை இடது பக்கம் கூடவே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கை துடித்தது. எடுக்கவில்லை. தேரடி வீதியில் திரும்பினேன். ராஜகோபுரம் எதிரில் நிமிர்ந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பூக்கடை, வெளியூர் வேன், நடுவில் இரண்டு மாடு. அப்போதும் அவன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடு வீதியில் பிரேக் போட்டேன். வண்டியை ஆஃப் செய்தேன். ஓரங்கட்டவில்லை. இறங்கி, செருப்பைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, கோபுரத்தையும் அதன் பின்னால் இருக்கிற மலையையும் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் எடுத்துக் கும்பிட்டேன். கண்ணை நன்றாக மூடிக்கொண்டேன். பின்னால் வேன்காரன் ஹார்ன் அடித்தான். இன்னொருவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். "நைனா, வண்டி எடு நைனா" என்று உள்ளேயிருந்து மகன் குரல் கேட்டது. அளக்கிறவர்கள் அளந்துகொள்ளட்டும் என்று நான் கண்ணைத் திறக்கவே இல்லை.